சிகிச்சைக்குச் சம்மதம் கேட்குமுன் நோயாளிக்கு வீடியோ காட்டுவது எப்படி?

ஒரு வீடியோவில் ஒரே ஒரு சிகிச்சையை மட்டும் விளக்குங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். என்ன செய்யப்போகிறார்கள், ஏன், பலன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற ஆறும் அதில் வரவேண்டும். பெரும்பாலும் விடுபடுவது கடைசி இரண்டுதான். அவை இல்லாவிட்டால் அது விளக்கம் அல்ல, விளம்பரம்.

ஆபத்தை 'அரிதாக' என்று சொன்னால் ஆளுக்கொரு அளவாக எடுத்துக்கொள்வார்கள். உதாரணமாக, '100 பேரில் 2 பேருக்கு வரலாம், 98 பேருக்கு வராது' என்று சொல்லி, நூறு உருவங்களில் இரண்டை வேறு நிறத்தில் காட்டுங்கள். ஓரிடத்தில் நூறு பேர், இன்னோரிடத்தில் ஆயிரம் பேர் என்று கணக்கை மாற்றாதீர்கள். ஒப்பிடவே முடியாமல் போகும்.

உண்மையான அறுவைக் காட்சி வேண்டாம், வரைபடமே போதும். ரத்தத்தைப் பார்த்து மிரண்டவர் காதில் அடுத்த வாக்கியம் ஏறாது. நோயாளியின் மொழியில் குரலும், பெரிய எழுத்தில் வசன வரிகளும் தேவை.

அவசரமில்லாத சிகிச்சை என்றால் சில நாள் முன்பே இணைப்பை அனுப்புங்கள். வீட்டாருடன் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். அறுவை அரங்கின் வாசலில், தூக்கம் தரும் மருந்து கொடுத்த பிறகு காட்டுவது சம்மதத்துக்கே கேடு.

பார்த்தபின் மருத்துவர் நேரில் பேசியே ஆகவேண்டும். சர்க்கரை நோயோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ இவருக்கு ஆபத்தை எப்படி மாற்றும் என்று பொதுவான வீடியோவுக்குத் தெரியாது. 'புரிந்ததா?' என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். 'இதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள்; தவறிய இடம் உடனே தெரியும். வீடியோவின் எந்தப் பதிப்பைக் காட்டினீர்கள், எந்த நாளில் காட்டினீர்கள், அவர் என்ன கேட்டார் என்பதை மருத்துவக் கோப்பில் எழுதிவையுங்கள்.