மீன் வண்டியில் அலுமினியமும் இரும்பும்: இணைப்பைத் திறந்து அரிப்பை நிறுத்தும் முறை

நாகப்பட்டினத்தில் விடியும் முன்பே ஏற்றிய மீன் தஞ்சாவூர்ச் சந்தைக்குப் போய்ச் சேரும் வரை பனிக்கட்டி உருகிக்கொண்டே இருக்கும். மீனோடு வந்த கடலுப்பும் அந்த நீரில் கரைந்திருக்கும். அது வண்டியின் அலுமினியத் தளத்தில் ஓடி, தகட்டைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகளின் துளைகள் வழியாக இறங்கி, தகட்டுக்கும் அடியிலுள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே தேங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் அந்த இடுக்குக்குள் நல்ல தண்ணீர் போகாது.

என் மைத்துனரின் சிறிய சரக்கு வண்டியில் மூன்றாம் ஆண்டு தளத்தின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியது. பட்டறையில் மேலாகத் தேய்த்துப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. தகட்டைக் கழற்றிய பிறகுதான் புரிந்தது: நோய் முழுவதும் அடியில், இரண்டு உலோகமும் ஒட்டிக்கிடந்த வரியில் இருந்தது. இந்த அரிப்பை மேலிருந்து குணப்படுத்த முடியாது. இணைப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

ஏன் அரிக்கிறது?

1800ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்பு நீரில் நனைத்த அட்டையை வைத்து மின்சாரம் எடுத்தார். உங்கள் வண்டித் தளத்தின் அடியிலும் அதே மின்கலம்தான் ஓடுகிறது. இரண்டு வேறு உலோகங்கள், அவை ஒன்றையொன்று தொடுவது, இரண்டையும் நனைக்கும் உப்பு நீர் என மூன்றும் கூடினால் ஓர் உலோகம் கரையத் தொடங்கும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் இந்த மின்கலம் நின்றுவிடும்.

எது கரையும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, எவர்சில்வர். இரண்டு சேரும்போது வரிசையில் முன்னால் நிற்பது கரையும். ஆகவே இரும்பின்மேல் போட்ட அலுமினியம்தான் தன்னைக் கொடுக்கிறது. எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கி மாட்டுகிறோம். அதுவோ தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்கிறது.

பரப்பளவையும் மறக்க வேண்டாம். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய இரும்பு ரிவிட் இருந்தால் சேதம் மெதுவாகப் பரவும். பெரிய இரும்புத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவிட் அடித்தால் அது விரைவில் பொடியாகிவிடும். சிறியது கரையும் பக்கமாக இருக்கவே கூடாது.

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ரிவிட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, ஓரங்களில் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் குறுக்குச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். தேய்ந்தது மந்தமாக ஒலிக்கும். அடியில் சட்டம் செதில் செதிலாக உதிர்ந்தால் அது வெல்டிங் வேலை. அனுபவமுள்ளவரிடம் அதைக் கொடுத்து முடித்துவிட்டு மேலே தொடருங்கள்.

படி 2: கழற்றுங்கள்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுத்துவிடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். 4.8 மி.மீ. ரிவிட்டுக்கு 5 மி.மீ. டிரில் பிட் போதும். தலையை மட்டும் துளைத்தால் அது தனியாக வந்துவிடும். மீதியைப் பஞ்ச் (துளைக்குள் தள்ளும் இரும்புக் குச்சி) வைத்துத் தட்டுங்கள். அவசரப்பட்டு உளியால் வெட்டினால் துளை கிழிந்து, மறுபடி பொருத்தும்போது பிடிமானம் இருக்காது.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

அலுமினியத்தை நைலான் பட்டையாலோ எவர்சில்வர்க் கம்பித் தூரிகையாலோ தேய்த்து, வெள்ளைப் பொடி முழுவதும் போய்ப் பளபளப்பு தெரியும்வரை கொண்டுவாருங்கள். இரும்பைத் தேய்த்த கம்பித் தூரிகை வேண்டாம். அதிலுள்ள துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு புதிய மின்கலமாகிவிடும். இரும்பைக் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் கொண்டு துரு போகத் தேய்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: அலுமினியத் தூளும் துருத்தூளும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் இடத்தில் கிரைண்டர் பொறி விழுந்தால் கடும் வெப்பத்தோடு பற்றி எரியும். ஒன்றைத் தேய்த்து, கூட்டி அள்ளி, பிறகு மற்றதைத் தொடுங்கள்.

கடைசியாக இரண்டையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். உள்ளே உப்பு மிஞ்சினால் அதன்மேல் அடிக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு நிற்காது.

ஓட்டை விழுந்த இடத்தில் அலுமினியத் துண்டையே ஒட்டுப் போடுங்கள். கையில் கிடைத்த இரும்புத் தகட்டை வைத்து மூடுவது இன்னொரு நோயை வரவழைப்பதாகும்.

படி 4: பிரைமர்

பலரும் தவறுவது இங்கேதான். அரிக்கப்பட்டது அலுமினியம் என்பதால் அதற்கு மட்டும் பூசிவிட்டு இரும்பை விட்டுவிடுகிறார்கள். அலுமினியத்தின் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், பூசாத இரும்பின் முழுப் பரப்பும் சேர்ந்து அந்த ஒரு புள்ளியைத் தாக்கும்; தகடு துளைபடும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பூச முடியும் என்றால் இரும்புக்குப் பூசுவேன். முடிந்தால் இரண்டுக்கும் பூசுங்கள்.

கடைகளில் எளிதில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காது. ஈயம் கலந்த பிரைமர் அலுமினியத்துக்கு நேரடியாகக் கெடுதல். இரண்டு டின்களாக வரும் ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும். டின்னில் எழுதியிருக்கும் விகிதத்தில் கலந்து இரண்டு கை அடியுங்கள். துளைகளின் உள்விளிம்புக்குச் சிறு பிரஷ் வேண்டும். அரிப்பு தொடங்குவது அங்கேதான்.

படி 5: நடுவே ஒரு திரை

1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகத்தைப் புழு அரிக்காமலிருக்கச் செம்புத் தகட்டால் மூடியது. இரண்டு ஆண்டுகளில் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் இற்றுப்போயிருந்தன. ஆனால் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைக் கிழிக்காமல் விட்டிருந்த இடங்களில் ஆணிகள் நன்றாகவே இருந்தன. ஒரு காகிதம் செய்த வேலை அது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த செய்தி இதுதான். எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

நாம் காகிதத்துக்குப் பதில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) குறுக்குச் சட்டத்தின் மேற்பரப்பில் முழுநீளத்துக்கும் ஒட்டுவோம். ஓரங்களில் அது கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கட்டும். சாக்கு, கம்பளித் துணி, ஸ்பான்ஞ் எதுவும் வேண்டாம். அவை உப்பு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடும் பழக்கமும் உண்டு. கறுப்பு ரப்பரில் கரி கலந்திருப்பதால் சில வகைகள் மின்சாரத்தைச் சற்றுக் கடத்தும். அதை நம்ப முடியாது.

படி 6: போல்ட்டையும் பிரித்து வையுங்கள்

டேப் ஒட்டியாகிவிட்டது என்று வெறும் போல்ட்டை முறுக்கினால், அந்தப் போல்ட்டே இரண்டு உலோகத்தையும் இணைக்கும் கம்பியாகிவிடும். 8 மி.மீ. போல்ட்டுக்கு, லாரி ஏர் பிரேக்கில் பயன்படும் வெளிவிட்டம் 10 மி.மீ., உள்விட்டம் 8 மி.மீ. உள்ள நைலான் குழாயைத் தகட்டின் தடிமன் அளவுக்குச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அலுமினியத் தகட்டில் துளையைச் சற்றுப் பெரிதாக்கி அந்தத் துண்டைச் செருகுங்கள். தலைக்கு அடியில் அகலமான நைலான் வாஷர், அதன்மேல் இரும்பு வாஷர். போல்ட் கீழே சட்டத்தைத் தொடலாம். மேலே தகட்டைத் தொடக் கூடாது. துத்தநாகம் பூசிய போல்ட்டே போதும்.

தலையைச் சுற்றி பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் என்ற நீர் புகாத பசை வையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். காயும்போது அது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். நைலான் அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ரிவிட் தவிர்க்க முடியாத இடங்களில் அடி மூடிய ரிவிட்டைக் கேளுங்கள். கம்பியை இழுத்து அடிக்கும் சாதாரணப் பாப் ரிவிட்டில் உடல் அலுமினியம், நடுவே உடைந்து தங்கும் கம்பியோ இரும்பு. அரிப்பின் விதையை நாமே ஒவ்வொரு துளையிலும் ஊன்றுகிறோம். சீலன்ட் ஈரமாக இருக்கும்போதே ரிவிட்டை அடித்துவிட வேண்டும்.

படி 7: சோதனை

ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியதும் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் போல்ட் தலையிலும் மறுமுனையைத் தகட்டில் பூச்சு சுரண்டிய ஒரு புள்ளியிலும் வையுங்கள். சத்தம் வந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். தளம் கீல், பக்கச் சட்டம் என வேறெங்காவது இரும்பைத் தொட்டால் எல்லாப் போல்ட்டிலும் சத்தம் வரும். அப்போது முழுப் பிரிவு கிடைக்காது. நீர் புகாமல் தடுக்கும் சீலன்ட்டும் பூச்சும்தான் அங்கே காவல். சுரண்டிய புள்ளிக்குப் பிரைமர் தொட்டுவிடுங்கள்.

பின்விளக்குகள் சில வண்டிகளில் பாடி வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும். இப்போது பாடியைப் பிரித்துவிட்டதால் அவை எரியாமல் போகலாம். விளக்கிலிருந்து சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) தனி எர்த் வயர் இழுங்கள். ஊருக்குப் புறப்படும் முன் இரவில் ஒருமுறை எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள்.

படி 8: தண்ணீருக்கு வழி

தளத்தின் தாழ்ந்த மூலைகளில் வடிகுழாய் வைத்து, நீர் குறுக்குச் சட்டத்தின் மேல் விழாமல் தரைக்குப் போகும்படி கீழே நீட்டுங்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் மேலே மட்டும் அல்லாமல் அடியிலும் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். வாடைக்காகப் பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் அதை ஊறவிடாமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குளோரின் அலுமினியத்தையும் விடாது, எவர்சில்வரையும் விடாது. சலவைச் சோடா தளத்தின் பக்கமே வரக் கூடாது.