குழந்தைக்கு மலச்சிக்கல்: காரணத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தில்லியில் மயூர் விஹாரானாலும் ஆர்.கே.புரமானாலும், பிள்ளைக்கு வயிறு போகவில்லை என்றால் ஊரிலிருந்து போனில் வரும் யோசனை விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு. அதை விட்டுவிடுங்கள், ஆசனவாய் புண்ணாகும். காரணத்தைத் தேடுவோம்.

1. இது மலச்சிக்கல்தானா? ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை முகம் சிவக்க முக்கி அழுதாலும், கடைசியில் இளக்கமாகப் போனால் கவலை வேண்டாம். ஒன்றரை மாதம் தாண்டி, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு வாரம் போகாமலும் இருக்கலாம். பெரிய பிள்ளை வாரத்துக்கு 2 முறையோ அதற்கும் குறைவாகவோ, கெட்டியாக, வலியோடு போனால் அது மலச்சிக்கல்.

2. எப்போது தொடங்கியது? பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருப்பாகப் பிசுபிசுவென்று வரும் முதல் மலம் போகவில்லை, அப்போதிருந்தே தொல்லை என்றால் டாக்டரிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம்.

3. அடக்குகிறதா? பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இதுதான். ஒருநாள் வலித்திருக்கும், அல்லது பள்ளிக் கழிப்பறை பிடிக்காது. உடனே அடக்கத் தொடங்கும். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்ச, அது இன்னும் இறுகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நிற்கும் பிள்ளை முக்குவதாக நாம் நினைப்போம். உண்மையில் அடக்குகிறது. அப்புறம் ஜட்டியில் தண்ணீராகக் கறை படும். அடைத்த மலத்தைச் சுற்றிக் கசிவது அது. பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். திட்டுவதும் வீண், பிள்ளைக்குத் தெரியாமலே கசிகிறது.

4. தட்டையும் டம்ளரையும் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்து, சோறு காய் தொடாத பிள்ளையா? தில்லிக் குளிரில் தண்ணீரே கேட்பதில்லையா? இரும்புச் சத்து டானிக் கொடுக்கிறீர்களா? இவையும் காரணமாகலாம்.

5. கோதுமை. சப்பாத்தி சூடு என்று பழி போடாதீர்கள். ஆனால் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் வட இந்தியாவில் அரிதல்ல. வளர்ச்சி குறைவு, ரத்தசோகை இரண்டும் சேர்ந்திருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதற்கு முன் கோதுமையை நிறுத்தினால் முடிவு தவறாக வரலாம்.

6. சோர்வு, வறண்ட தோல், உயரம் ஏறாமை இருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். கால் பலவீனம், சிறுநீர்க் கசிவு, முதுகடியில் குழி அல்லது முடிக்கற்றை என்றால் தண்டுவடம். பச்சை நிற வாந்தியோடு வயிறு உப்பினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.