எம்சிபி நிற்கவே இல்லை, காரணம் கிரைண்டருக்குப் பின்னால் இருந்தது

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, சமையலறை பிளக் பாயின்ட்டுகளுக்கான 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டப்பென்று விழுந்தது. தூக்கிவிட்டால் அடுத்த கணமே மறுபடி விழுகிறது. இந்த 'அடுத்த கணமே' என்பதுதான் துப்பு. லோடு கூடிப்போய் விழுவதென்றால் கொஞ்ச நேரமாவது ஆகும், உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைய வேண்டுமே. ஷார்ட் சர்க்யூட்டில் அப்படிக் காத்திருப்பதில்லை, திடீரென்று பாயும் மின்னோட்டம் ஒரு கம்பிச்சுருளைக் காந்தமாக்கி, கண் இமைப்பதற்குள் இணைப்பைப் பிரித்துவிடுகிறது. எம்சிபிகளில் சி வகை என்று ஒன்று உண்டு, என்னுடையது அதுதான். அதில் இது, எம்சிபியில் குறித்திருக்கும் ஆம்பியரைப் போல 5 முதல் 10 மடங்குக்குள் நடக்கும், என் 16 ஆம்பியருக்கு 80 முதல் 160 ஆம்பியர்.

சரி என்று மிக்சி, ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தூக்கினேன். விழாமல் நின்றது! அப்படியானால் சுவருக்குள் கோளாறு இல்லை. ஒவ்வொரு வயராகக் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கிரைண்டர் வயரை எலி கடித்து, இரண்டு செம்புக் கம்பியும் ஒட்டிக் கருகியிருந்தன.

"32 ஆம்பியர் போடுங்க, விழாது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுவருக்குள் ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், எம்சிபி விழாவிட்டால் சூடாவது அதுதான்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்து கிரைண்டர் வயரை முழுசாக மாற்றினோம், டேப் சுற்றி ஒப்பேற்றவில்லை. பலமுறை ஷார்ட்டில் விழுந்ததால் எம்சிபியும் புதிது, அதே 16 ஆம்பியர்தான்.