வானில் தெரிவது அழிவுக் கோளா, வெள்ளியா? ராசிக் கட்டத்தை வைத்து நீங்களே கண்டறியும் முறை

மாலையில் மேற்கு வானில் வெள்ளிக் கோள் உயர ஏறி ஒளிரத் தொடங்கும் காலங்களில், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வகைக் காணொளிகள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. கைப்பேசியில் பெரிதாக்கி எடுத்த, நடுங்கும் ஒளிவட்டம் ஒன்றைக் காட்டி, "இதுதான் நிபிரு என்ற அழிவுக் கோள், பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு குரல் சொல்லும். அதைக் கேட்டுப் பயந்துபோகும் பிள்ளைகளும் பெரியவர்களும் உண்டு. அந்தப் பயத்தை "சும்மா புரளி" என்று தள்ளிவிட்டால் அது போகாது. பார்த்த ஒளி எது என்று பெயர் சொன்னால்தான் போகும். தொலைநோக்கியோ வானியல் படிப்போ இல்லாத ஒருவர், தன் கையையும் கடிகாரத்தையும் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரையும் வைத்துக்கொண்டே அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

நிபிரு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது

சூரியனை 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் நிபிரு என்ற மறைவான கோள் ஒன்று உண்டு என்று 1976-இல் அமெரிக்க எழுத்தாளர் செக்கரியா சிட்சின் எழுதினார். 1995-இல் நான்சி லீடர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அத்தகைய ஒரு கோள் 2003-இல் பூமியை நெருங்கிப் பேரழிவை உண்டாக்கும் என்று சொல்லத் தொடங்கினார். 2003 கடந்ததும் நாள் 2012 டிசம்பர் 21-க்குத் தள்ளிப்போனது. அதுவும் கடந்தபின் வேறொருவர் 2017 செப்டம்பர் 23 என்றார். மூன்று நாட்களுமே ஒன்றும் நேராமல் போயின.

வானத்தைத் தேடிப் பார்த்த கணக்கும் நம்மிடம் இருக்கிறது. வைஸ் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கி வானம் முழுவதையும் படம் எடுத்தது. அந்தப் படங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவின்படி, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் 10,000 மடங்கு தூரம் வரை சனியின் அளவுள்ள எந்தப் பொருளும் இல்லை. 26,000 மடங்கு தூரம் வரை வியாழனின் அளவுள்ள எந்தப் பொருளும் இல்லை. 2016-இல் பேட்டிகின், பிரவுன் என்ற இரு அறிவியலாளர்கள் முன்வைத்த 'ஒன்பதாம் கோள்' என்ற கருதுகோளைச் சிலர் இதனுடன் சேர்த்துக் குழப்புகிறார்கள். அப்படி ஒன்று இருந்தாலும் அது நெப்டியூனுக்கு வெகு அப்பால் சுற்றுவதாகவே கணிக்கப்படுகிறது. பூமியை நெருங்கும் பாதை அதற்குக் கிடையாது.

படி 1: படம் எடுப்பதற்கு முன் நான்கு குறிப்புகளை எழுதுங்கள்

நேரம், திசை, உயரம், அசைவு ஆகிய நான்கும் ஒரு காகிதத்தில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இவை இல்லாமல் "நேற்று ராத்திரி பெரிசா ஒன்னு தெரிஞ்சுது" என்று மட்டும் ஒருவர் சொன்னால், அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டறிய முடியாது.

திசைக்குக் கைப்பேசித் திசைகாட்டியை முழுதாக நம்ப வேண்டாம். கம்பி போட்ட மொட்டை மாடித் தளமும் அருகில் உள்ள இரும்புத் தொட்டியும் அதைக் குழப்பும். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மலைகளே போதும்: மேற்கே வெள்ளியங்கிரி, வடமேற்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மலை தெரியாத பல்லடம், காங்கயம் போன்ற ஊர்களில் அன்று சூரியன் மறைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை அளக்கக் கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடுங்கள். முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை (டிகிரி). சுண்டு விரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. அடிவானத்திலிருந்து முஷ்டியின் மேல் முஷ்டியாக வைத்து எண்ணிக்கொண்டு போனால் உயரம் கிடைத்துவிடும். பழகிப் பார்க்க வேண்டுமானால், வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பாருங்கள். கொங்கு நாடு ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருப்பதால், அது அடிவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்தில் மங்கலாகத் தெரியும்.

இந்த எளிய குறிப்புகள் எவ்வளவு வலிமையானவை என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நின்ற நம் படையினர், இரவில் தெரிந்த ஒளிகளைச் சீனாவின் உளவு விமானங்கள் என்று எண்ணி 329 முறை பதிவு செய்தார்கள். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்கள் ஒளிகளின் நிலையையும் நகர்வையும் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியும் என்று கண்டறிந்தார்கள். பயிற்சி பெற்ற காவல் கண்களே ஏமாறும்போது, நம் வீட்டுப் பிள்ளை பயந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: உண்மையிலேயே நகர்கிறதா என்று பாருங்கள்

இருட்டில் ஒற்றை ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது நின்ற இடத்தில் நின்றாலும் ஊசலாடுவதாகத் தோன்றும். நம் கண்ணின் இயல்பு அது. ஆகவே, மாடிச் சுவரின் முனையையோ தென்னை மட்டையையோ ஒளிக்கு நேராக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் நின்று பாருங்கள். கோளாக இருந்தால் நான்கு நிமிடத்தில் ஏறத்தாழ ஒரு சுண்டு விரல் அகலமே நகர்ந்திருக்கும், அதுவும் பூமி சுழல்வதால்.

ஆனி, ஆடி மாதங்களில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் காற்று மேகங்களைக் கிழக்கே விரட்டிக்கொண்டு போகும்போது, மேக இடைவெளியில் தெரியும் வெள்ளி மேற்கே பாய்ந்து ஓடுவதாகவே கண்ணுக்குப் படும். அன்று எடுத்த காணொளியைப் பார்ப்பவர்களும் அப்படித்தான் நம்புவார்கள். சுவர் முனையை வைத்துப் பார்த்தால் ஓடுவது மேகம் என்பது உடனே தெரிந்துவிடும்.

பீளமேட்டு விமான நிலையத்துக்கு இறங்க வரும் விமானம் நம்மை நோக்கி நேராக வந்தால், சில நிமிடம் அசையாத பெரிய விளக்காகத் தெரிந்து பிறகே விலகும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு எரியும். பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி மலையேறும் பக்தர்களின் கைவிளக்குகள் வானத்திலேயே தொங்குவதுபோல் தெரிவதும் உண்டு. வரிசையாக ஓடும் புள்ளிகள் என்றால் அவை பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

தொண்டாமுத்தூர், ஆலாந்துறை போன்ற மலையடிவார ஊர்க்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. மலைமுகடு உயரமாக இருப்பதால், வெள்ளி அங்கே மங்காமல், முழு ஒளியுடன் இருக்கும்போதே பட்டென்று மறைந்துவிடும். "மலைக்குப் பின்னால் விழுந்துவிட்டது" என்ற பேச்சு இதிலிருந்து எளிதாகக் கிளம்பும். அதே நேரத்தில் சூலூரில் இருக்கும் உறவினரை அழைத்துக் கேளுங்கள். திறந்த அடிவானம் உள்ள அவருக்கு அது இன்னும் தெரிந்துகொண்டிருக்கும்.

படி 3: ராசிக் கட்டத்தை எடுங்கள்

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் நாள் குறித்து வைத்து, நவக்கிரக சன்னிதியில் விளக்கேற்றும் குடும்பங்கள் நம்முடையவை. அந்தக் குருவும் சனியும் வானில் எந்த இடத்தில் நிற்கின்றன என்பது பஞ்சாங்கத்திலும் பல மாதக் காலண்டர்களிலும் கிரகநிலை என்ற பெயரில் அச்சாகியிருக்கிறது. பலன் பகுதி நமக்கு இங்கே வேண்டியதில்லை. இருப்பிடக் கணக்கு மட்டும் போதும்.

சதுரக் கட்டத்தின் மேல் இடது மூலை மீனம். அதிலிருந்து வலப்பக்கமாக மேஷம், ரிஷபம், மிதுனம் என்று சுற்றிக்கொண்டு போகும். முதலில் சூரியனைக் கண்டுபிடியுங்கள். சித்திரை மாதத்தில் சூரியன் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில் என்று வந்து, மாசியில் கும்பத்திலும் பங்குனியில் மீனத்திலும் இருக்கும். பிறகு 'சுக்' (சுக்கிரன், அதாவது வெள்ளி) என்றும் 'குரு' (வியாழன்) என்றும் எழுதியிருக்கும் கட்டங்களைப் பாருங்கள். ஒரு கோள் சூரியனுக்கு அடுத்த ஒன்றிரண்டு ராசிகளில் இருந்தால் மாலையில் மேற்கே தெரியும். முந்தைய ஒன்றிரண்டு ராசிகளில் இருந்தால் விடியலுக்கு முன் கிழக்கே தெரியும். சூரியன் இருக்கும் ராசியை ஒன்று என்று எண்ணி, அதிலிருந்து ஏழாம் ராசியில் இருந்தால் சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழுந்து இரவு முழுதும் ஒளிரும். சூரியன் இருக்கும் அதே ராசியில் இருந்தால் பெரும்பாலும் அதன் வெளிச்சத்தில் மறைந்துபோகும். ராகுவையும் கேதுவையும் வானில் தேட வேண்டாம். அவை நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளே தவிர, ஒளிரும் பொருள்கள் அல்ல.

நடந்த ஒரு நாளை வைத்துச் சரிபார்ப்போம். 2023 மார்ச் 1 அன்று மாலை, மேற்கே இரண்டு பெரிய ஒளிகள் நிலவின் அகலமே இடைவெளியாக ஒட்டி நின்றன. அது மாசி மாதம், ஆகவே சூரியன் கும்பத்தில். குரு மீனத்தில், சுக்கிரனும் மீனத்தில். சூரியனுக்கு அடுத்த ராசியில் இரண்டும் ஒன்றாக இருப்பதால், மாலையில் மேற்கே இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும், தெரிந்தன. புதிதாக ஒரு கோள் வந்திருந்தால், கட்டத்தில் இடமில்லாத மூன்றாவது ஒளி ஒன்று அங்கே நின்றிருக்கும்.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும், குறிப்பாகச் சனியின் பெயர்ச்சி நாளில், மாதக்கணக்கில் வேறுபடுவதுண்டு. வானத்தைப் பார்க்கும் வேலைக்குத் திருக்கணிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; கண்ணால் காண்பதற்கு அதுதான் நெருக்கமாக இருக்கும். ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியிலும் இதே விடையை ஒத்துப்பார்க்கலாம்.

படி 4: ஒளியையும் நிறத்தையும் வைத்து உறுதி செய்யுங்கள்

வெள்ளி வெண்மையாக, இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியசைவிட 10 மடங்குக்கும் மேல் ஒளிரக் கூடியது. அது சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது. எனவே இருட்டிய வானில் ஐந்து முஷ்டிக்கு மேல் உயராது. சூரியன் மறைந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் அதுவும் மறைந்துவிடும். இரவு 12 மணிக்கு உச்சி வானில் பெரிய ஒளி ஒன்றைக் கண்டால் அது வெள்ளி அல்ல; வியாழனாக இருக்க வாய்ப்பு மிகுதி. வியாழன் வெளிர்மஞ்சள் கலந்த வெண்மை, செவ்வாய் செம்மஞ்சள், சனி மங்கிய மஞ்சள். செவ்வாய் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமியை நெருங்கிச் சிவந்து பெருத்துத் தெரியும். புரளிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த காலம் அது.

கோள்கள் பொதுவாகக் கண்சிமிட்டுவதில்லை என்று பாடநூலில் படித்திருப்போம். ஆனால் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது தடித்த காற்றின் வழியே வரும் ஒளி சிதறுவதால், வெள்ளிகூடச் சிவப்பும் பச்சையுமாக மின்னும். அதைப் பார்த்து எரிகிறது, வெடிக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு முஷ்டி உயரத்துக்கு மேல் இருக்கும்போது பார்த்தால் நிதானமாக ஒளிரும்.

படி 5: கைப்பேசிப் படத்தைச் சோதியுங்கள்

கைப்பேசியில் வெள்ளியை முழுதும் பெரிதாக்கினால், குவியம் தவறி ஒரு புள்ளி பெரிய வட்டமாக விரியும். குவியத்தைத் தேடி லென்சு முன்னும் பின்னும் போகும்போது அந்த வட்டம் சுருங்கி விரியும். காணொளிகளில் 'துடிக்கும் கோள்' என்று காட்டப்படுவது பெரும்பாலும் இதுதான். திரையில் அந்த ஒளியின்மேல் விரலை வைத்துக் குவியத்தைப் பூட்டி, கைப்பேசியைச் சுவரின்மேல் சாய்த்துவைத்து மறுபடி எடுங்கள். சிறு புள்ளியாக அடங்கிவிடும்.

'இரண்டாம் சூரியன்' படங்கள் வேறு வகை. லென்சுக்குள்ளேயே ஒளி எதிரொளித்து, படத்தின் நடுப்புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில் போலி ஒளி ஒன்றை உண்டாக்கும். சில நேரம் அதற்குச் சிறகுபோன்ற கீற்றுகளும் இருக்கும். கைப்பேசியைச் சற்றே திருப்பினால் அந்தப் புள்ளி படத்தில் எதிர்த்திசையில் ஓடும். சூரியனை ஒரு கம்பத்தின் பின்னால் மறைத்தால் போலியும் கூடவே மறையும். இதைத் திரையில் மட்டுமே பாருங்கள். சூரியனை வெறுங்கண்ணாலோ இருகண் நோக்கியாலோ ஒருபோதும் பார்க்கக் கூடாது. பிள்ளைகளைக் கண்காணிப்பு இல்லாமல் இதில் விடவும் கூடாது.

படி 6: ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள்

பூமியை மோத வரும் பொருளானால் அது நட்சத்திரங்களுக்கிடையே நிலையாக நின்று, நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போக வேண்டும். கோள்கள் அப்படிச் செய்வதில்லை. மாலையில் தெரியும் வெள்ளி நட்சத்திரங்களிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சுண்டு விரல் அகலம் கிழக்கே நகரும். கார்த்திகைக் கூட்டமோ ரோகிணியோ அருகில் இருந்தால் இந்த நகர்வை இரண்டு மூன்று நாளிலேயே கண்டுவிடலாம். வியாழன் வெகு மெதுவாகப் போகும்; ஒரு ராசியைக் கடக்க அதற்கு ஓராண்டு ஆகும் என்பதால்தான் குருப்பெயர்ச்சி ஆண்டுக்கொருமுறை வருகிறது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, அருகில் உள்ள நட்சத்திரத்துடன் சேர்த்துப் படம் வரைந்து வையுங்கள்.

இருகண் நோக்கி கிடைத்தால் வியாழனைக் கட்டாயம் பாருங்கள். சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால், அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு வரை சிறு புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்ட நிலவுகள் அவை. மறுநாள் இடம் மாறியிருக்கும்.

படி 7: குழுவில் பதில் எழுதுங்கள்

பயந்து அனுப்பியவரைக் கடிந்துகொள்ளாமல், குறிப்புகளோடு பதில் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக: "அண்ணா, நீங்கள் 7.15 மணிக்கு மேற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் பார்த்தது வெள்ளி. இந்த மாதக் கட்டத்தில் சுக்கிரன் சூரியனுக்கு அடுத்த ராசியில் இருப்பதைப் பாருங்கள். நாளைக்கும் அதே நேரம் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கும். பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள்." அவர் அனுப்பிய குறிப்பில் நேரமோ திசையோ இல்லையென்றால், பெயர் சொல்லும் முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.