புது கம்ப்யூட்டரில் பழைய கேம் திணறுகிறதா? பலரும் செய்யும் தவறுகள்

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வந்த கேம்தானே, புது மெஷினில் பறக்கும் என்று நினைத்துப் போடுவோம். அது திக்கித் திக்கி ஓடும். உடனே பலரும் கிராபிக்ஸ் செட்டிங்ஸ் மொத்தத்தையும் ‘லோ’வுக்கு இறக்கிவிடுவார்கள். படம் அசிங்கமாவதுதான் மிச்சம், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் என்ற எண்) அப்படியே நிற்கும்.

எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரெசல்யூஷனை 800×600க்கு இறக்கி, கேமில் அதே இடத்தில் நின்று எஃப்பிஎஸ் எவ்வளவு என்று கவனியுங்கள். எண் ஏறாவிட்டால் கிராபிக்ஸ் கார்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, பிரச்சினை பிராசஸர் பக்கம். ‘டாஸ்க் மேனேஜரில் சிபியு 7 சதவீதம்தானே காட்டுகிறது’ என்பார்கள். திரெட் என்பது பிராசஸர் ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசைகளில் ஒன்று. 16 திரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட உழைத்தாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். 2007இல் வந்த கிரைசிஸ் இன்றைய மெஷினிலும் சில இடங்களில் தடுமாறுவது இதனால்தான். வேலையில் பெரும்பங்கை ஒன்றிரண்டு திரெட்டின் தலையிலேயே அது கட்டுகிறது. இந்த மாதிரி கேமில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) குறைத்துப் பயனில்லை. நிழல், பார்வைத் தூரம், தெருவில் நடமாடும் கூட்டம் இந்த மூன்றையும் குறையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிராசஸர் அனுப்ப வேண்டிய டிரா கால்களை (‘இதை வரை’ என்று கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கட்டளைகளை) ஏற்றிவிடுவது இவைதான்.

லேப்டாப் என்றால் அதற்கும் முன்னால் ஒரு விஷயம்: கேம் எந்தக் கார்டில் ஓடுகிறது? பழைய கேம்கள் பல நேரம் பிராசஸரோடு வரும் சின்ன கிராபிக்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய், கேமைத் தொடங்கும் இஎக்ஸ்இ ஃபைலைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ வையுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, எஃப்பிஎஸ்ஸை அவிழ்த்துவிடுவது. 2011இல் வந்த மூல ஸ்கைரிமில் இயற்பியல் கணக்கு 60 எஃப்பிஎஸ்ஸை நம்பி எழுதப்பட்டது. 144இல் ஓடவிட்டால், வீட்டுக்குள் நுழைந்ததும் மேசைமேல் இருக்கும் தட்டும் வாளியும் தானாகத் துள்ளிச் சிதறும். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டரை (எஃப்பிஎஸ் வரம்பை) அணைத்தால் நாயகன் சிஜே நீந்தும் வேகமே குறைந்துவிடும். விசிங்க் (மானிட்டரின் வேகத்தோடு ஃபிரேமை இணைக்கும் வசதி) போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 144இல்தான் நிறுத்தும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ், புரோகிராம் செட்டிங்ஸ் போய் அந்தக் கேமுக்கு மட்டும் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை 60 ஆக்குங்கள். வேறு கார்டு என்றால் ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் அதே வரம்பை வைக்கலாம். வெறும் மெனு திரையில் ஃபேன் ஊளையிடுகிறது என்றால் அதற்கும் இதே மருந்துதான்.

ரேப்பர் போடுவதில்தான் தவறுகள் அதிகம். கேம்கள் படம் வரைய விண்டோஸிடம் பேசும் வழிதான் டைரக்ட்எக்ஸ். அதன் பழைய அழைப்புகளைப் புதிய மொழிக்கு மாற்றித் தரும் டிஎல்எல் ஃபைல்கள் இவை. டைரக்ட்டிரா, டைரக்ட்எக்ஸ் 7 வரையிலான கேம்களுக்கும் பழைய 3டிஎஃப்எக்ஸ் கார்டுகளுக்கு எழுதப்பட்ட கிளைடு கேம்களுக்கும் டிஜிவூடூ 2. டைரக்ட்எக்ஸ் 9 முதல் 11 வரை டிஎக்ஸ்விகே, இது வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் மொழிக்கு மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 8க்கு இரண்டில் எது சரிப்படுகிறதோ அது. டிஎல்எல்லை சிஸ்டம்32இல் கொண்டுபோய்ப் போடவே கூடாது. கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில்தான் போட வேண்டும். லாஞ்சர் ஓரிடத்திலும் உண்மையான இஎக்ஸ்இ உள்ளே ‘சிஸ்டம்’ அல்லது ‘பைனரீஸ்’ ஃபோல்டரிலும் இருப்பது சகஜம், அதையும் பாருங்கள். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருக்கலாம், கேம் 32 பிட் என்றால் 32 பிட் டிஎல்எல்தான் வேண்டும். ஏற்கெனவே ஏதாவது மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்த சேர்க்கை) டி3டி9.டிஎல்எல் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தால் அதன்மேல் எழுதிவிடாதீர்கள்.

போட்டது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? டிஜிவூடூ திரை மூலையில் தன் முத்திரையைக் காட்டும், பிறகு அதை அணைத்துக்கொள்ளலாம். டிஎக்ஸ்விகே இஎக்ஸ்இ பக்கத்தில் ஒரு லாக் ஃபைலை எழுதும். அது வரவில்லை என்றால் பெரும்பாலும் டிஎல்எல் தவறான இடத்தில் இருக்கிறது. டிஎக்ஸ்விகேயில் முதல் சில நிமிடங்கள் ஷேடர்கள் (திரையில் நிறம், ஒளியைக் கணக்கிடும் சின்ன நிரல்கள்) தயாராகும்போது கொஞ்சம் குலுங்கும், அதைப் பார்த்து அழித்துவிட வேண்டாம். ஏமாற்றுத் தடுப்பு உள்ள ஆன்லைன் கேமில் இதையெல்லாம் போடாதீர்கள், கணக்கே தடையாகலாம்.

‘டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை’ என்று வந்தால், அந்த ஒற்றை ஃபைலை எங்கிருந்தோ இறக்குவது ஆபத்தான வேலை. மைக்ரோசாஃப்டின் ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் ரன்டைமை இன்ஸ்டால் செய்தால் போதும். விண்டோஸோடு வந்த டைரக்ட்எக்ஸ் 12ஐ அது தொடாது.

32 ஜிபி ரேம் இருந்தும் மோட் போட்ட கேம் கிராஷ் ஆகிறதா? 32 பிட் கேமுக்கு விண்டோஸ் வழக்கமாகத் தரும் முகவரி இடம் (அது பயன்படுத்தக்கூடிய நினைவகம்) 2 ஜிபிதான். ‘4ஜிபி பேட்ச்’ என்ற சின்ன மென்பொருளை இஎக்ஸ்இமேல் போட்டால் 64 பிட் விண்டோஸில் அது 4 ஜிபி ஆகும். இஎக்ஸ்இக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கேமின் செட்டிங்ஸ் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலை மாற்றியும் கேம் கண்டுகொள்ளாமல் பழைய ரெசல்யூஷனிலேயே திறக்கிறது என்றால், கேம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எழுத அனுமதி இல்லாததால், கேம் எழுதுவதையெல்லாம் விண்டோஸ் சத்தமில்லாமல் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் திருத்துவது ஒரு ஃபைல், கேம் படிப்பது வேறொன்று. முதலிலேயே சி:\கேம்ஸ் மாதிரி ஒரு ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்தால் இந்தத் தலைவலி இல்லை.

இஎக்ஸ்இயின் புராப்பர்ட்டீஸில் உள்ள கம்பாட்டிபிலிட்டி டேபில் எல்லாப் பெட்டியையும் டிக் அடிப்பது குருட்டு வைத்தியம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

யாரும் சந்தேகப்படாத ஆள் ஒன்று உண்டு: மவுஸ். நொடிக்கு 1000 முறை அல்லது அதற்கும் மேல் தகவல் அனுப்பும் மவுஸை அசைத்தால் மட்டும் சில பழைய கேம்கள் திக்கும். மவுஸ் மென்பொருளில் போலிங் ரேட்டை (அந்த அனுப்பும் வேகத்தை) 125 ஆக்கிச் சோதியுங்கள். 2005இல் வந்த ஃபியரில் இன்னும் விசித்திரம். சில யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் செருகியிருந்தால் விளையாட விளையாட எஃப்பிஎஸ் சரிந்துகொண்டே போகும். ரசிகர்கள் எழுதிய ஒரு சின்ன டிஇன்புட்8.டிஎல்எல் ஃபைலை இஎக்ஸ்இ பக்கத்தில் போட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் கிராபிக்ஸ் கார்டையே மாற்றினாலும் அதே சரிவுதான் வரும்.