வேலையிடத்தில் விளையாட்டு உலகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்சென்டர்களுக்கு விளையாட்டு உலகம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஊழியருக்குத் திரையில் ஓர் அவதார், அதாவது அவரைக் குறிக்கும் உருவம், அது வாழ ஓர் ஊர், முடித்த வேலைக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் ஊரில் ஒரு வீடு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். படம் சரியில்லை, செயலி மெதுவாக ஓடுகிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லோர் பெயரையும் வரிசைப்படுத்திச் சுவரில் காட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கொஞ்ச நாள் எல்லோரும் ஆர்வமாகத் திரையைப் பார்ப்பார்கள். அப்புறம் மேலே இருக்கும் நாலைந்து பேர் மட்டும் ஆடுவார்கள். நடுவில் இருப்பவர்கள் கைவிட்டுவிடுவார்கள். கடைசிப் பெயருக்கோ தினமும் எல்லோர் முன்னாலும் அவமானம்.

ஒரு கால்சென்டரில் அழைப்பைச் சீக்கிரம் முடித்தால் அதிகப் புள்ளி. திரையில் ஊர் மளமளவென்று வளர்ந்தது. வாடிக்கையாளர்கள் அதே புகாருக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். பாதிப் பேச்சில் இணைப்பைத் துண்டித்தவர் முதலிடத்தில் இருந்தார். பொறுமையாகக் கேட்டுச் சிக்கலைத் தீர்த்த பெண்ணுக்குக் கடைசி இடம். அவர் வேலையை விட்டே போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் எடுத்துப் பழக்கும் செலவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அமெரிக்காவில் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்ட் ஓட்டல்களின் சலவைக்கூடத்திலும் இப்படித்தான் ஊழியர்களின் வேகத்தைத் திரையில் காட்டினார்கள். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மின்னணுச் சவுக்கு’. பின்தங்கிவிடுவோமோ என்று பயந்து சிலர் கழிப்பறைக்குப் போவதையே தவிர்த்ததாக 2011-ல் செய்தி வந்தது.

ஒருவரின் இந்த வாரத்தை அவருடைய போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். அதையும் அவருக்கு மட்டும் காட்டுங்கள். போட்டி வேண்டுமென்றால் குழுவுக்கும் குழுவுக்கும் இடையே வையுங்கள். வாடிக்கையாளர் அதே புகாரோடு மறுபடி அழைக்காவிட்டால் புள்ளி கொடுங்கள், வேகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

கட்டாயமாக ஆடச் சொல்வது

வேண்டாம். யார் விலகினார்கள் என்பதும் மேலாளருக்குப் போகக் கூடாது.

சீக்கிரமே தீர்ந்துபோகும் ஊர்

ஊரில் செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடக் கூடாது. அடுத்த மூன்று மாதத்துக்கான விளையாட்டுப் பணிகளை எழுதிவைத்த பிறகு தொடங்குங்கள்.

சம்பளத்துக்குப் பதில் பதக்கம்

விளையாட்டு உலகம் கொடுத்தாலும் சம்பளக் கோபம் போகாது. கணினி நிறுவனமான ஐபிஎம், செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில், அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் உலகில், தனக்கென்று தீவுகள் வைத்திருந்தது. 2007 செப்டம்பரில் அதன் இத்தாலிய ஊழியர்கள் ஊதியத் தகராறில் அங்கேயே போய்ப் போராடினார்கள். அவதார்கள் பதாகை பிடித்து நின்றன. ஊதிய உயர்வை நிறுத்திவிட்டு விளையாட்டு கேட்டு வரும் நிறுவனங்களிடம் நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.