மழைக்காலக் காய்ச்சலும் வைட்டமின் டி மாத்திரையும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வீட்டுக்கு வீடு சளியும் காய்ச்சலும் பரவும்போது, வடசென்னையின் இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கங்களில் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே "எதிர்ப்பு சக்திக்கு" என்று கேட்டு 60,000 ஐ.யூ. (சர்வதேச அலகு) வைட்டமின் டி சாஷேக்களை (சிறு தூள் பொட்டலங்களை) வாங்கிச் செல்வோர் பலர். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 ஐ.யூ. போதும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் வகுத்த அளவு. அந்தக் கணக்கில் ஒரு சாஷே 100 நாள்களின் தேவைக்குச் சமம். குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் எழுதித் தரும்போது அது நல்ல மருந்துதான். ஆனால் வைரஸ் தொற்றைத் தடுப்பதற்காக அதைத் தானாக வாங்கி விழுங்குவதற்கு ஆய்வுகளின் ஆதரவு இல்லை.

முதற்படி: எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோலில் வெயில் பட்டு உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அடைந்து செயல்வடிவம் பெறுகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவும் இந்த இரண்டாவது மாற்றத்தைத் தாமே செய்துகொண்டு, கிருமிகளைத் தாக்கும் கேத்தலிசிடின் என்ற புரதத்தை உண்டாக்குகின்றன. வைட்டமின் டி குறைந்தவர்களுக்குச் சளி, இருமல் தொற்றுகள் கூடுதலாக வருமோ என்ற கேள்வி எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2017-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் தலைமையில், ஏறத்தாழ 11,000 பேர் பங்கேற்ற 25 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறிய அளவில் எடுத்தவர்களுக்குச் சுவாசத் தொற்றுகள் ஓரளவு குறைந்திருந்தன. இரத்தத்தில் அளவு மிகவும் தாழ்ந்திருந்தவர்களுக்கே அந்தப் பலன் அதிகம். ஒரே தடவையில் பெரிய அளவாகக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. பின்னர் பெரிய ஆய்வுகள் வந்தன. கொரோனா காலத்தில் பிரிட்டனில் சுமார் 6,200 பேரிடமும், நார்வேயில் வைட்டமின் டி உள்ள காட் மீன் ஈரல் எண்ணெயை வைத்துச் சுமார் 34,000 பேரிடமும் நடந்த ஆய்வுகளில் கொரோனாத் தொற்று குறையவில்லை. இவை போன்ற புதிய தரவுகளையும் சேர்த்து 2025-இல் வெளியான தொகுப்பாய்வில், முன்பு தெரிந்த அந்தச் சிறு பலனும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆகவே குறைபாட்டைச் சரிசெய்வது எலும்புக்கும் தசைக்கும் நிச்சயம் நல்லது, தொற்றைத் தடுப்பதில் சிறிது உதவினாலும் உதவலாம் என்ற அளவோடு நிற்பதே சரி என்று கருதுகிறேன். இன்ஃபுளுவென்சா, கொரோனாத் தடுப்பூசிகளுக்கு இது மாற்றாகாது. டெங்குக் காய்ச்சலைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: உங்கள் நிலையைப் பாருங்கள்

சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் போதிய வெயில் உண்டு. இருந்தும், வண்ணாரப்பேட்டையின் நெருக்கமான சந்துகளில் வசித்து, துணிக்கடையிலோ கிடங்கிலோ பகல் முழுவதும் வேலை செய்பவர்மீது அந்த வெயில் படுவதில்லை. காலை இளவெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. கண்ணாடி வழியே வரும் வெயிலிலோ ஏறக்குறைய இல்லை. வீட்டை விட்டு வெளியேறாத முதியோர், உடல் முழுவதும் மூடி உடுத்துவோர், உடற்பருமன் உள்ளோர் ஆகியோருக்குக் குறைபாட்டு வாய்ப்பு கூடுதல். காசிமேட்டில் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் நல்ல உணவு மூலங்கள். முட்டையின் மஞ்சள் கருவிலும் ஓரளவு உண்டு.

சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்தத்தில் கால்சியம் மிகுந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்குக் கால்சியம் மேலும் கூடக்கூடும். இந்த மருந்து கலந்த பல மாத்திரைகளின் பெயர் 'எச்' என்று முடியும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு மாறாக வைட்டமின் டி அளவு குறையலாம்.

மூன்றாம் படி: பரிசோதனை

எல்லோருக்கும் தேவையில்லை. எலும்பு வலி, தசைத் தளர்ச்சி இருந்தாலோ மருத்துவர் சொன்னாலோ '25 ஹைட்ராக்சி வைட்டமின் டி' என்ற சோதனையைச் செய்யலாம். '1,25' என்று தொடங்குவது வேறு சோதனை. குறைபாட்டை அறிய அது பயன்படாது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு.

நான்காம் படி: அட்டையைப் படித்து அளவைத் தேர்ந்தெடுங்கள்

கோலிகால்சிஃபெரால் அல்லது 'டி3' என்ற பெயரைத் தேடுங்கள். அளவு மைக்ரோகிராமில் இருந்தால் 40-ஆல் பெருக்குங்கள். 15 மைக்ரோகிராம் என்பது 600 ஐ.யூ. ஏற்கெனவே எடுக்கும் கால்சியம் மாத்திரையிலும் பல்வைட்டமின் மாத்திரையிலும் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் ஒரே சத்து மூன்று பெயர்களில் மூன்று மாத்திரைகளாக ஒருவரின் பெட்டியில் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. மருத்துவ மேற்பார்வை இல்லாத நிலையில், எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 4,000 ஐ.யூ. என்பதே வளர்ந்தவருக்கான மேல்வரம்பு. வெறும் முன்னெச்சரிக்கையாக எடுப்பவர் அந்த வரம்பின் அருகே செல்ல வேண்டியதே இல்லை; 600 முதல் 1,000 வரை போதும்.

ஐந்தாம் படி: எடுக்கும் முறை

இது கொழுப்பில் கரையும் சத்து என்பதால் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவுக்குப் பின் எடுங்கள். மதிய உணவுக்குப் பின் என்று வைத்துக்கொள்வது நினைவிலிருக்க வசதி. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். மருத்துவர் வாரம் ஒரு சாஷே என்று எழுதியிருந்தால், கிழமையை நாட்காட்டியில் குறித்து, சொன்ன வாரங்கள் முடிந்ததும் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொள்வதுதான் மிகவும் ஆபத்தானது.

ஆறாம் படி: கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மனக்குழப்பம் ஆகியவை தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி, அட்டையையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ செல்லுங்கள். குறைபாட்டுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் சுமார் மூன்று மாதங்களுக்குப் பின் மறுபடி சோதித்துப் பார்க்கலாம். அதற்கு முன் சோதித்தால் அளவு இன்னும் நிலைபெற்றிருக்காது.

கைக்குழந்தைகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை

முதல் ஆண்டில் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 ஐ.யூ. பரிந்துரைக்கப்படுகிறது. கடைகளில் ஒரு மில்லிக்கு 400 ஐ.யூ. உள்ள சொட்டு மருந்தும் உண்டு, 800 ஐ.யூ. உள்ளதும் உண்டு. ஒரு புட்டி முடிந்து வேறு நிறுவனத்தின் புட்டியை வாங்கும்போது எத்தனை மில்லி என்பதை மருந்தாளுநரிடம் மீண்டும் கேட்டு, அந்தப் புட்டியோடு வந்த அளவுக்குழாயை மட்டுமே பயன்படுத்துங்கள்.